காரியுண்டிக் கடவுளும் அளவூணும்

பத்துப்பாட்டுள் இறுதிக்கண் நின்ற மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனது மலையையும் யாற்றையும் ஊரையும் பாடுவது. அதனை இயற்றிய பெருங்கௌசிகனார், நவிரமலையில் எழுந்தருளிய இறைவனைக் காரியுண்டிக் கடவுள் எனப் பெயரிட்டு வழங்குகின்றார். காரி என்பது ஈண்டு நஞ்சு. நஞ்சினை உண்டியாகக் கொண்டவன் என்பது அப்பெயரின் பொருள். நவிரம் எனப்பட்டது சவ்வாது மலையை அடுத்துக் கலசபாக்கம் வட்டத்தில் நிற்கும் பருவதமலையே என்பர் ஆராய்ச்சியாளர். சவ்வாது மலையிற் பிறக்கும் சேயாறும் அப்பாட்டினுட் பேசப்படுகின்றது. ஆகலின், அம்மலைப்பக்கம் சிவநெறியார்க்குப் புதிய நிலம் அன்று.

இறைவன் நஞ்சுண்ட செய்தி சிறுமகாரும் அறிந்தது. எனினும் அதன்கண் ஒன்று நம்மனோரால் உற்று நோக்கப்படுவதில்லை. அவன் அதனை உமிழ்ந்தானும் அல்லன், முற்ற விழுங்கினானும் அல்லன், மிடற்றின்கண் நிறுத்தினான். உண்டான் என்றே நூல்கள் கூறும். ஆயினும் அவ்வூண் ஓர் எல்லையில் நின்றது. எல்லையில் நின்ற நஞ்சு தேவர்க்கு அமுதாகி முடிந்தது. நாமோ அமுது என்று பெயரிட்ட சோற்றை எல்லை கடந்து மிடற்றின் கீழ்ச் செலுத்தி நஞ்சாக்கிக் கொள்கின்றோம். அவன் செயலும் நம் செயலும் இவ்வாறு ஒன்றற்கொன்று மறுதலைப்படுதல் வியப்பன்றோ?

இது யாம் வலிந்து கொண்ட பொருள் என்று அறிஞர் கருதற்க. திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்தில் காயசித்தி உபாயம் என்னும் பகுதியில், உணவைச் சுருக்குவார்க்கு உளவாகும் நன்மையைத் திருமூலர் கூறுகின்றார். கூறி முடிக்கும் இடத்துக் கறுத்த மிடற்றையுடைய கபாலியையே சுட்டுகின்றார். ஆங்கு இறைவனுக்குரிய எண்ணிறந்த பெயர்களுள் இப்பெயரே வந்து நின்றது எதுகை நோக்கி மட்டும் ஆயிற்று என்பார் உளராயின், அவரோடு யாம் வழக்கிடோம். உணவைச் சுருக்கலும் மிடறு கறுத்தலும் ஒரு செய்யுளில் அருகருகே வைக்கப்பட்டமை எமக்கு ஒரு குறிப்பாகவே தோன்றுகின்றது.

திருவள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரம் வைத்தார். 95ஆம் அதிகாரம் அது. அதனுள் மருந்து ஒன்றன் பெயரேனும் இல்லை. முதற்குறள் வளி முதலிய மூன்றும் மிகுதலாலும் குறைதலாலும் நோய் வருமாறு கூறும். இறுதி மூன்றும் மருத்துவன் தொழிலும், நோயாளி, மருந்து, உடனிருப்பார் என்பவையும் கூறும். இடைப்பட்ட ஆறும் ஊணைப் பற்றியனவே. முன் உண்டது அறுதலும், பின் உண்பதன் அளவும், உடம்பொடு மாறுகொள்ளாத உணவும் என இவற்றையே திரும்பத் திரும்ப வற்புறுத்துகின்றார். மருத்துவனுக்கு மூன்றும் உண்பானுக்கு ஆறுமாகப் பகுத்தமையானே நோயின் பெரும்பங்கு யாருடையது என்பது விளங்கும். மிகுதியாக உண்டலை மீதூண் என்ற ஒரு சொல்லால் வழங்கி, அதனை விலக்குதலைச் சிறார்க்கு உரிய ஆத்திசூடியிலேயே ஔவையார் வைத்தார். ஐந்து வயதிற் கற்றதனை அறுபது கடந்தபின் யாம் மருத்துவர் ஒருவர்பால் மீண்டும் கற்க நேர்ந்தது.

அதனை மறையாது கூறுதும். ஏறக்குறைய 40 ஆண்டுகளாக யாம் குருபூசைகளுக்கும் சமய மாநாடுகளுக்கும் அழைக்கப்பட்டுச் செல்லும் வழக்கமுடையேம். சென்றவிடமெல்லாம் சொற்பொழிவு ஒரு மணி, பந்தி ஒரு மணி. மாகேசுர பூசையின் இலையில் மீதம் வைத்தல் குற்றம் என்று இளமையிற் பயின்றிருந்தேம். மேலும் மேலும் இடுவதை மறுத்தலும் குற்றம் என்று யாமே கூட்டிக்கொண்டேம். இவ்விரண்டும் சேர்ந்தபோது வயிற்றுக்கு உய்தி ஏது? பிற்பகற் சொற்பொழிவில் அவத்தைகளைப் பற்றி விரித்துரைக்குங்கால், கேட்போருட் பலர் சாக்கிரத்தை விட்டுக் கனவையும் இடையிற் காணாது நேரே சுழுத்தியிற் சென்று சேர்தலைப் பன்முறை கண்டிருக்கின்றேம். ஒருமுறை பேசுவாராகிய எமக்கே அந்நிலை அணுகிற்று. அன்று அது நகைப்பாக இருந்தது.

பின்னர் நாவறட்சியும், இரவில் நான்கு ஐந்து முறை எழுதலும், காலில் எரிவும் தோன்றின. குருதியைச் சோதித்த மருத்துவர், நீரிழிவு வந்து பல்லாண்டு ஆயிற்று, அறிந்தது இப்பொழுது என்றார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் துணையுடன் நாடு முழுதும் நிகழ்ந்த ஆய்வின் முடிபு 2023ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதன்படி இந்நாட்டில் வயது வந்தோருள் 100க்கு 11.4 பேர் நீரிழிவுடையர். தொகையாற் கூறின் 10 கோடிக்கு மேற்பட்டோர். அவருள் ஒருவராக எண்ணப்பட்டதில் எமக்கு வருத்தம் இல்லை. சிவஞானம் கற்பித்துத் திரிந்த வாய் தன் வாயிலைக் காவாது விட்டதே என்பதுதான் வருத்தம்.

இந்நோய் மீதூணால் மட்டும் வருவதன்று. குடிவழியும், உடலுழைப்பின்மையும், வயதும் அதற்கு ஏதுக்களாம். ஆயினும் மீதூண் செய்யும் வேலையை மருத்துவர் எமக்கு விளக்கிய முறை நூலறிவினார்க்கும் பயன்படும். உண்ட சோறு சருக்கரையாய்க் குருதியிற் கலக்கும். அதனை உறுப்புக்களுக்குட் செலுத்துவது கணையத்திற் சுரக்கும் இன்சுலின் என்னும் நீர். வேண்டுமளவுக்கு மேல் நாள்தோறும் உண்பார்க்கு மிகுந்தது கொழுப்பாகிக் கல்லீரலிலும் வயிற்றிலும் படியும். படியவே, இன்சுலின் சொல்லும் ஏவலை உறுப்புக்கள் கேளாவாம். கணையம் இரட்டித்து உழைக்கும். உழைத்து உழைத்து ஒருநாள் இளைக்கும். பிறகு தேங்கிய சருக்கரை கண்ணின் நுண்குழல்களையும் சிறுநீரகத்தையும் காலின் நரம்பையும் ஓசையின்றி அரிக்கும். இதில் வலி இல்லை என்பதே பெருந்தீங்கு. அப்பரடிகளைச் சூலை ஈர்த்து வந்து திருவதிகையிற் சேர்த்தது. அது அருளால் வந்த நோய், உடனே உணரப்பட்ட நோய். எம்முடையது இலையில் இட்டு வந்த நோய், எங்கும் ஈர்க்கவில்லை.

இன்னும் ஒன்று கூறினார். வயிறு நிறைந்தது என்னும் செய்தி மூளையைச் சென்று எட்டுதற்கு ஏறத்தாழ 20 நிமிடம் ஆகுமாம். நம் பந்திகள் அதற்குள் முடிந்து அடுத்த பந்திக்கு இலை விழுந்துவிடுகின்றன.

மருத்துவர் சிறுதானியம் உண்க என்றமையின், எம்பால் பாடங்கேட்ட மாணவர் ஒருவர் எம்மைச் சவ்வாது மலைக்கு அழைத்துச் சென்றார். போளூரிலிருந்து மேலேறிச் சமுனாமரத்தூரை அடைந்து, அங்கிருந்து ஒரு சிற்றூர்க்குச் சென்றேம். அம்மலையில் வாழ்வார் மலையாளிகள் எனப்படுவர். சேரநாட்டாரோடு இவரை மயக்கற்க. மலையை ஆளுவார் என்னும் பொருளில் வந்த பெயர் அது. காஞ்சியிலிருந்து மலையேறி வந்தோம் என்பது அவர்களுடைய வழிவழிச் செய்தி. சாமையும் கேழ்வரகும் அவர்களுடைய மேட்டு நிலத்து விளைவு. சாமைக்கு அம்மலை பெயர்பெற்றது. மலைபடுகடாத்திலும், இம்மலைப்பக்கத்துக் குடியினர் கூத்தர்க்குத் தினையும் மூங்கிலரிசியும் புளிசேர்த்து ஆக்கிய சோறும் இட்டு விருந்து செய்தமை கூறப்படும். அவ்விருந்தில் ஊனும் உண்டு. அது நமக்கு ஆகாமையின் விடுத்தேம்.

யாம் சென்ற வீட்டில் ஒரு மூதாட்டியார் இருந்தார். எமக்குச் சாமைச்சோறும், கொள்ளுச்சாறும், ஏதோ ஒரு கீரையும் தட்டில் இட்டார். உண்டேம், சுவையாகவே இருந்தது. முடியுந் தறுவாயில், "போதுமா, சாமி?" என்று கேட்டார். "போதும், அம்மா" என்றேம். உடனே பானையை மூடி உள்ளே கொண்டு சென்றுவிட்டார்.

வாசகர் இதன் நுட்பத்தை உணர்க. பந்திகளிற் பழகிய எமக்குப் போதும் என்பது போதும் என்னும் பொருளுடையதன்று; இன்னும் இருகரண்டி இடுக, யாம் மறுப்பதுபோல் மறுப்போம், நீர் வற்புறுத்துக என்பதே அதன் பொருள். இவ்விலக்கணையை அம்மூதாட்டியார் அறியார். அவர் சொல்லைச் சொல்லாகவே கொண்டார். யாம் சிறிது திகைத்திருந்தமை கண்டு, காட்டுக்குப் போனவர்கள் மாலையில் வருவார்கள், அவர்களுக்கு வேண்டும் என்றார். அன்று யாம் உண்டது எம் வழக்கமான ஊணிற் பாதியும் இராது. பசித்தோமா எனின், இல்லை. மாலையில் அச்சரிவின்மீது மூச்சுவாங்காது நடந்தேம்.

ஈண்டு இரண்டு பிழைகளுக்கு இடமுண்டு. அவற்றை விலக்காது போதல் தகாது.

சாமை நோயைத் தீர்க்கும் என்று அதனை மிகுதியாக உண்ணத் தொடங்குதல் ஒரு பிழை. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பின்னர் நகரங்களில் இது பரவிற்று. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2017இல் வெளியிட்ட அட்டவணையின்படி 100 கிராம் சாமையில் ஏறக்குறைய 346 கலோரி ஆற்றல் உண்டு; தீட்டிய பச்சரிசியில் 356. வேறுபாடு பத்தே. சாமையின் சிறப்பு நார்ப்பொருளில் உள்ளது: 100 கிராமில் அரிசிக்கு 2.8 கிராமும் சாமைக்கு 7.7 கிராமும் என்ப. அந்நாரினால் சருக்கரை மெல்லக் கலக்கும். வயிறும் விரைவில் நிறைவு காட்டும். அதனையும் வெண்மையாகத் தீட்டிவிற்கும் வணிகர் நாரைக் களைந்து பெயரை மட்டும் நமக்குத் தருகின்றனர். பொருள் மாறினும் அளவு மாறாதாயின் நோயும் மாறாது. சாமைப் பொங்கலை நெய் பெய்து இருமுறை வாங்கி உண்பார் ஒருவர், யாம் சிறுதானிய விரதம் இருக்கின்றோம் என எம்மிடம் உரைத்தார். அவர்க்கு யாது கூறுவது?

மலைமக்களின் குறைந்த ஊணைக் கண்டு அதுவே தவம் என மயங்குதல் மற்றொரு பிழை. அளவு வேறு, இன்மை வேறு. மழை பொய்த்த ஆண்டில் அரைவயிறு உண்பானை அளவறிந்து உண்பான் என்று புகழ்தல் கொடுமை. வள்ளுவர் குறையினும் நோய் என்று கூறியதும் அதுபற்றியே. 2011ஆம் ஆண்டு சூன் திங்கள் முதல் தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகின்றது. மலைக்கும் அது ஏறுகின்றது. பசி நீங்கியதை யாம் பெரிதும் போற்றுகின்றேம். ஆயினும் சாமையை உரலிற் குற்றும் பெருந்துன்பம் ஒருபாலும், மூட்டையாக வந்து இறங்கும் வெள்ளரிசி ஒருபாலும் நிற்குமிடத்து, இளையோர் எதனைக் கொள்வர் என்பது வெளிப்படை. நீரிழிவு மலையேற வழியறியாது என்று எவரும் இருத்தல் வேண்டா. அம்மூதாட்டியாரின் சிறப்பு அவர் குறைய உண்டமையில் அன்று. தம் பானையில் எவரெவர்க்குப் பங்கு உண்டு என அறிந்திருந்தமையில் உள்ளது.

இனி, நம் கொள்கையை முன்னிட்டு எழும் தடைகளை ஆராய்வோம். நோய் என்பது பிராரத்தம். முன்னை வினையின் பயன் ஊட்டப்பட்டே தீரும். உண்டாலும் உண்ணாவிடினும் வருவது வரும். ஆகலின் ஊணை அளத்தலாற் பயன் என்னை என்பார் ஒரு சாரார். யாமும் பல்லாண்டு இதனைச் சொல்லியே மூன்றாவது முறை பாயசம் வாங்கினேம். அற்றன்று. பிராரத்தம் நுகர்விக்கப்படுவது, நுகருங்கால் விருப்பு வெறுப்பால் மேலும் ஈட்டப்படுவது ஆகாமியம். பசித்தபோது இலையில் வந்த சோறு பிராரத்தமாகலாம். பசி தீர்ந்தபின் நாவின் விருப்பால் வாங்கிய சோறு ஆகாமியம் ஆகாது வேறு யாதாம்? தாம் இன்று செய்வதனை நேற்றைய கணக்கில் எழுதுதல் வணிகருள்ளும் பழிக்கப்படும்.

பிறிதொரு சாரார், உடம்பு மாயையின் காரியம், அழிவது, அதனை ஓம்புதல் பற்றன்றோ என்பர். ஆணவ இருளிற் கிடந்த உயிர்க்கு, ஞாயிறு தோன்றுந்துணையும் விளக்காய் உதவுவது மாயையின் காரியமாகிய உடம்பு என்று நம் ஆசிரியர் கூறினர். விளக்கு ஞாயிறு அன்று. எனினும் விடியுமுன் அதனை அவித்துக்கொள்வான் அறிவுடையான் அல்லன். விளக்கு எண்ணெய் இன்றி அவிதலை எல்லாரும் அறிவர். எண்ணெய் மிகினும் திரி மூழ்கி அவியும் என்பதனைக் கோயிலில் விளக்கிடும் சிறுவரைக் கேட்டு அறிக. தனு கரண புவன போகங்கள் இறைவனால் தரப்பட்டன எனின், அவை நம் உடைமை அல்ல, இரவல். இரவற்பொருளைக் கெடுத்துத் திருப்புதற்கு நமக்கு உரிமை யார் தந்தார்?

எமக்கு விடையிறுக்க அரிதாய் நின்றது மூன்றாவது தடையே. அடியாரை அமுது செய்விப்பது சிவபுண்ணியம். இடுவார் அன்பால் இடுகின்றார். மறுப்பின் அவ்வன்பு புண்படும். இதனை எளிதில் தள்ளுதல் கூடாது. யாம் பல நாள் இதன்மேற் கருத்தைச் செலுத்திப் பெரியபுராணத்தில் இளையான்குடிமாறனார் வரலாற்றைத் திரும்ப எடுத்துப் படித்தேம். அந்நாயனார் மழை பொழியும் நள்ளிரவில் வயலுக்குச் சென்று, அன்று விதைத்த நெல் முளையை வாரிக் கொணர்ந்தார். வீட்டுக் கூரையை அறுத்து விறகாக்கினார். முதிராத கீரையைப் பறித்தார். அவர் மனைவியார் அவற்றைக்கொண்டு ஆக்கிய அமுது எத்துணை இருந்திருக்கும்? ஒருவர் பசி தீரும் அளவே. அதன்மேல் வைக்க அவ்வீட்டில் ஒன்றும் இல்லை. அந்த அமுதுக்கே இறைவன் சோதியாய்த் தோன்றினான். அன்பு கரண்டிக் கணக்கில் வளர்வதாயின், பெருஞ்செல்வர் வீட்டுத் திருமணப் பந்தியில் அன்றோ அவன் தோன்றியிருத்தல் வேண்டும்? விருந்தினன் பசி தீர்ந்த இடத்தில் இட்டவனது புண்ணியம் நிறைவெய்திற்று. அதற்குமேல் இடுவது பரிமாறுவோன் பெருமைக்கு இடுவது. உண்பது உண்பான் நாணத்தால் உண்பது.

மணிமேகலையில் காயசண்டிகை என்பாளுக்கு யானைத்தீ என்னும் அடங்காப்பசி சாபத்தால் வந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாவற்கனியே உண்ணும் முனிவனது கனியை அவள் காலால் சிதைத்தமையால் விளைந்த சாபம் அது. புறச்சமய நூலாயினும் இக்கதையின் அமைப்பு மிக நன்று: ஒருவனது அளவைச் சிதைத்தவளுக்குத் தன் அளவு இல்லையாயிற்று. பந்தியில் வற்புறுத்தி இடுவார் இதனை ஒருமுறை நினைப்பாராக.

விரதத்தைப் பற்றியும் ஒரு சொல். சோமவாரமும் சிவராத்திரியும் நோற்பார் சிலர், மறுநாட் பாரணையில் ஈரிலைச் சோறு உண்கின்றனர். உண்ணாநோன்பு பட்டினியும் மீதூணுமாகப் பிளவுபடுகின்றது. நீரிழிவுக்கு மருந்தோ ஊசியோ கொள்வார் தம் மருத்துவரைக் கேளாது முழுப்பட்டினி இருத்தல் ஆபத்து. குருதியிற் சருக்கரை மிகத் தாழ்ந்து மயக்கமும் உயிர்க்கேடும் வரலாம். யாம் இப்போது சிவராத்திரியன்று சிறிது பாலும் பழமும் கொள்கின்றேம். நோன்பு குறைந்ததாக எமக்குத் தோன்றவில்லை.

மலையினின்று இறங்கிய இரண்டு திங்களில் ஒரு மடத்துக் குருபூசைக்குச் சென்றிருந்தேம். சோறு இரண்டாமுறை வந்தபோது போதும் என்றேம், விழுந்தது. மூன்றாமுறை கையை இலைமேற் கவித்தேம். பரிமாறிய இளைஞர் விரல்களின் இடைவெளி தேடி இட்டார். பந்தி முடிந்தபின் அவரைத் தனியே அழைத்து, "தம்பி, போதும் என்ற சொல்லை ஏன் நம்பினீரல்லீர்?" என்று வினவினேம். அவர் தலைகுனிந்து, "ஐயா, பெரியவர்கள் ஒருமுறை சொன்னதும் நிறுத்தினால், கவனிக்கவில்லை என்று எங்களைத்தான் ஏசுவார்கள்" என்றார். அவர்மேற் குற்றம் இல்லை. எம்போலியர் 40 ஆண்டு பந்தியில் இருந்து அவருக்குக் கற்பித்த மொழி அது.

ஆகவே அடுக்களையில் உள்ளாரை நோவதில் பயனில்லை. இதற்கு ஆணை மேலிருந்து வருதல் வேண்டும். முதலில் சிறிதே இடுக. ஒருமுறை மட்டும் வினவுக. போதும் என்பார்க்கு இடற்க. பந்தியை அரைமணிக்குக் குறையாது நடத்துக. மிஞ்சிய அமுதை வாயிலில் நிற்பார்க்கு உடனே வழங்குக. இந்த ஐந்தினையும் எழுதி, எம்மை அழைக்கும் மடங்கள் மூன்றனுக்கும் யாம் விண்ணப்பம் விடுத்துள்ளேம். ஒரு மடத்தினின்றும் விடை வந்தது. அவ்விண்ணப்பத்தைப் பற்றிக் கலந்து பேசுதற்கு வருக, அன்று பகல் ஈண்டே அமுது செய்க என்று எழுதியிருக்கின்றனர்.